புளியாரை முளைக்காத வருஷம்

மலைமேல் இருந்த அந்தக் கிளப்பில் புல்தான் முதலாளி, மற்றவர்கள் எல்லாரும் அதற்குக் கூலி வேலை செய்தவர்கள். சித்திரை பிறந்ததும் கீழே சமவெளியிலிருந்து பெரிய மனிதர்கள் கார் ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்வெளியில் நடந்து, ஆகா என்று சொல்லிவிட்டுப் போவார்கள்; அந்த ஒரு ஆகாவுக்காகப் புரட்டாசியிலேயே வேலை தொடங்கிவிடும், பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து களைக்குத்தியால் களை எடுப்பார்கள், சில்வர் ஓக் மரத்துச் சருகு ஒன்று விடாமல் கூட்டி அள்ளுவார்கள், கம்பி முள்ளால் மண்ணைக் குத்தி அதை மூச்சு விடவைப்பார்கள், சலித்த எருவைத் தூவுவார்கள், உறைபனி விழுவதற்கு முன் கடைசித் தடவை புல்லை வெட்டும்போது ஒட்ட வெட்டாமல் ஒரு விரற்கடை உயரம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள், ஏனென்றால் மொட்டைத் தலைக்குத்தான் குளிர் அதிகம். களை பிடுங்காத பயிர் கால் பயிர் என்பார்கள். புல்லுக்குள்ளிருந்தே புல்லைப் பிடுங்குகிற இந்த வேலைக்கு அந்தப் பழமொழி எந்த அளவு பொருந்தும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில், மேஸ்திரி ஞானப்பிரகாசம் பெண்களைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைக் காட்டினார். உள்ளே கடலைப் பருப்பு உடைத்ததுபோல் மஞ்சளாக ஒரு குருணை மருந்து இருந்தது.

"இது களையைக் கொல்லாது," என்றார். "முளைச்சு வேர் விட்டு நிக்கறத இது ஒண்ணும் பண்ணாது, அத நீங்கதான் பிடுங்கோணும். மண்ணுக்குள்ள கெடக்கற விதைய முளைக்க விடாது, அவ்வளவுதான். தூவித் தண்ணி காட்டிட்டா பால் மேல ஆடை படியற மாதிரி மண்ணு மேல ஒரு ஆடை படியும். அதக் கிளறப்படாது. கிளறாம விட்டா மாசி வரைக்கும் தாங்கும். மாசியில இன்னொருக்கா போட்டுட்டா, உள்ள கெடக்கற விதையும் மக்கிப் போயிரும். அப்பறம் களைங்கற பேச்சே இல்ல."

தூவுவதற்கு மயிலாத்தாளைத்தான் முன்னால் விட்டார்கள். கை அளவு தப்பாத பெண் அவள், ரசத்துக்கு உப்புப் போட்டாலும் புல்வெளிக்கு எருப் போட்டாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும். அவள் புருஷன் மாரப்பன்தான் அங்கே புல்வெட்டும் மெஷின் ஓட்டினான். அவன் வெட்டிக்கொண்டே முன்னால் போக, அவள் தூவிக்கொண்டே பின்னால் போனாள்.

கிளப்புக்குக் கீழே சரிவில், வேலைக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மேலே மூட்டையில் என்ன வந்தாலும், சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ யூரியாவோ, மடியில் ஒரு பிடி வீட்டுக்கு வந்துவிடும், வந்தது வாசற்படி ஓரத்தில் ஒரு கோடாக விழும். புல் வராது, அட்டை வராது, பாம்பு எட்டிப் பார்க்காது. இதைத் திருட்டு என்று சொன்னால் மேஸ்திரிக்கே கோபம் வரும், அவர் வாசலிலும் அந்தக் கோடு இருந்தது. தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த மஞ்சள் குருணையும் அன்று சாயங்காலமே எல்லா வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

மயிலாத்தாள் வீட்டுப் படிக்குப் பக்கத்தில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், ஒரு கொத்துப் புளியாரை இருந்தது. மாரப்பன் வேலை விட்டு வந்ததும் அதில் நாலு இலை கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் படி ஏறுவான். பகலெல்லாம் புல்வெளியில் அதே புளியாரையைப் பிடுங்கி முதுகு ஒடிந்து வருகிறவளுக்கு, வீட்டு வாசலிலும் அது மூன்று இலையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எரிச்சல் வரும்தானே.

"அந்தப் பக்கம் மட்டும் போடாத புள்ள," என்றான் மாரப்பன். "பொழுதுக்கும் பெட்ரோல் வாசத்தோட நிக்கறவனுக்கு அதுதான் மருந்து."

"மருந்து இதா இருக்குது," என்று அவள் கொத்தை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிடி கூடுதலாகவே போட்டாள். அவன் சிரித்தான். அந்த லைனில் கடைசியாக முளைத்த சிரிப்பு அதுதான்.

மறுநாளிலிருந்து அங்கே புதிதாக எதுவும் முளைக்கவில்லை. புல் பூண்டைச் சொல்லவில்லை, மனுஷர்களுக்குள் முளைப்பதைச் சொல்கிறேன். தீபாவளிக்குக் காதோரம் வெடி வெடித்தது, குழந்தைகள் திடுக்கிடவில்லை, வெடித்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் பற்றவைத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை சரி என்றான், பெண்ணும் சரி என்றாள், ஒருவர் முகத்திலும் ஒன்றும் ஏறவில்லை, வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாரியம்மன் கோயிலில் சாமியாடி வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உடுக்கை அடிப்பவனுக்குக் கை வலி எடுக்கும்வரை நின்றார், பிறகு, "இன்னிக்கு வரல போல," என்று வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். குழாயடியில் மேஸ்திரியின் மனைவி, "அந்த மருந்துதான்," என்றாள். "அதுவாத்தான் இருக்கும்," என்று எல்லாரும் குடத்தை நிரப்பிக்கொண்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியம் என்பதும் முளைக்க வேண்டிய ஒன்றுதானே.

ஆனால் மேஸ்திரி சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது: ஏற்கெனவே முளைத்து நின்றதை மருந்து ஒன்றும் செய்யவில்லை. கோழி காணாமல் போனதில் மூண்டு பல வருஷமாக வேரோடியிருந்த சண்டையை இரண்டு குடும்பமும் வழக்கம்போல ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தன. கடைசி வீட்டுக் காவேரியம்மாள், இளம் வயதில் அணையில் முங்கிச் செத்த தம்பியை நினைத்து அழுகிறவள், தொடர்ந்து அழுதாள். லைனில் அழத் தெரிந்தவள் இனி அவள் ஒருத்திதான் என்று ஆனதும் அவளுக்கு ஒரு மவுசு வந்தது; சாவு வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்தால் தம்பியின் பெயரைச் சொல்லி அழுவாள், செத்தது கிழவியாக இருந்தாலும் அது போதும், எழவு வீடு எழவு வீடாக இருக்கும். ஊரோடு ஒத்து வாழ் என்று சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கார்த்திகையில்தான் மாரப்பன் போனான். காலையில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டு உட்காரச் சொன்னதுபோலப் புல்லில் உட்கார்ந்தான், சாய்ந்தான். மெஷின் அவனை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் புல்லை வெட்டிக்கொண்டே போய் வேலியில் முட்டி நின்று உறுமியது. மயிலாத்தாள் முதலில் போய் மெஷினை அணைத்தாள். பிறகு வந்து அவன் வாயில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தாள். போய்விட்டான் என்று தெரிந்தது, தெரிந்தது மட்டும்தான். அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை, அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வரவில்லை.

காவேரியம்மாளைக் கூட்டி வந்தார்கள். அவள் மாரப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து, "தண்ணிக்குள்ள போனியே தம்பி," என்று அழுதாள். மத்தியானம் திருப்பூரிலிருந்து மகன் பூபதி வந்தான். பனியன் கம்பெனியில் வேலையாக இருந்தபோது போன் வந்து, அங்கேயே முளைத்து, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வளர்ந்த துக்கம் அவனுடையது. படியைத் தாண்டும்போது அதை எந்த மருந்தும் தடுக்கவில்லை. தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு தலையை முட்டிமுட்டி அழுதான். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா அடுப்படியில் வந்தவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணல கண்ணு," என்றாள் மயிலாத்தாள். பொய் சொல்லவும் ஒரு பயம் முளைக்க வேண்டும்.

காரியம் முடிந்த அன்றே அவன் கிளம்பினான். "உனக்கு அவரு ஒரு மெஷின்காரன், அவ்வளவுதான்," என்று படியில் நின்று சொன்னான். அதன் பிறகு போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால், "வேலையில இருக்கேன்," என்று வைத்துவிடுவான்.

துக்கத்தைத் தேடி அலைந்தவளைப் பார்த்திருக்கிறீர்களா? மயிலாத்தாள் அலைந்தாள். அவனுடைய ரப்பர் கம்பூட்சைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்ப் பார்த்தாள், பெரிதாக இருந்தது, அதற்குள் துணி அடைத்துக்கொண்டாள். அவன் விழுந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள், அங்கே புல் நன்றாக வந்திருந்தது. மருந்துக்கு வெளியே போனால் வருமோ என்று பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வரைக்கும் போய், சந்தைக் கூட்டத்தில் நின்று பார்த்தாள். விதை விழுந்த மண் மேலே வாசலில் கிடக்கும்போது இங்கே எப்படி முளைக்கும், கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஒருநாள் வெங்காயம் அரிந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தாள். வெங்காயத் தண்ணீர்தான்.

உடம்பில் ஒரு கை மரத்துப்போனால் மற்றக் கையால் அதைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் அவள் மாரப்பனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட இருந்தவர்கள் அவளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் அதே கதிதான், அதோடு அவர்களுக்கு அது சௌகரியமாகவே பட்டது. மேலே கிளப்பில் திட்டினால் உறைக்கவில்லை. மார்கழிப் பனியில் விரல் வெடித்தபோதும் எரிச்சல் மேல்தோலோடு நின்றது. மண்ணின் ஆடை கலையாமல் இருக்க லைன் பெண்கள் சீமாறைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, வாசலில் தண்ணீரைப் பூப்போலத் தெளித்து, தரையில் விரல் படாமல் கோலம் போடப் பழகினார்கள். பையன்கள் கில்லிக்குக் குழி தோண்டினால் கையைப் பிடித்துத் தூரக் கொண்டுபோய் விட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சுகந்திக்குத் தையில் பெண் குழந்தை பிறந்தது. தட்டிப் பார்த்தார்கள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள், அது அழவில்லை. மூச்சு இருந்தது, கண் விழித்து எல்லாரையும் பார்த்தது. நல்ல புள்ள, தொந்தரவில்லாத புள்ள என்றார்கள்.

"நல்ல புள்ளதானுங்கத்தை," என்றாள் சுகந்தி ஒருநாள், குழந்தையை மயிலாத்தாள் மடியில் போட்டு. "ஆனா எப்பப் பசிக்குதுன்னு தெரியல. நானா நெனச்சுக்கிட்டுக் குடுக்கறேன். நெனப்பு வராட்டி விட்டுப்போயிருது. எடை கொறஞ்சுக்கிட்டே போகுதுங்கறா நர்சு."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். மயிலாத்தாள் குழந்தையின் கையை விரித்துப் பார்த்தாள், காய்ந்த குச்சியாக இருந்தது. சுகந்தி கவலைப்படவில்லை, கவலைப்பட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இவளுக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பெண்களும் நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு, வராத ஒன்றுக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மாசி பிறந்தது. கிளப் புல்வெளி ஒரு களை இல்லாமல், பாய் விரித்ததுபோலக் கிடந்தது, செயலாளர் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். இரண்டாம் மூட்டை வந்து இறங்கியது. கோயில் முன்னால் லைன் கூடியது. கூட்டம் என்றால் கூச்சல் இருக்கும், இதில் அதுவும் இல்லை.

"இந்தத் தடவ வீட்டு வீட்டுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட வேணாம்," என்றார் ஞானப்பிரகாசம். "இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கோடாப் போட்டுருவோம். மயிலக்கா தூவட்டும்."

சரி என்றார்கள் எல்லாரும். மயிலாத்தாளும் சரி என்று வாயைத் திறந்தவள், பாதியில் நிறுத்தினாள். மாசியில் இன்னொருக்கா போட்டால் உள்ளே கிடக்கிற விதையும் மக்கிப்போகும் என்று இவர்தானே ஐப்பசியில் சொன்னார். அப்படியென்றால் அது இன்னும் மக்கவில்லை. மாரப்பனுக்கு உண்டான அழுகை இத்தனை மாதமும் மண்ணுக்குள் உயிரோடுதான் கிடக்கிறது, இவள் தன் கையால் இரண்டாம் தடவை தூவினால் அதோடு சரி, அவன் அழ ஆளில்லாமல் செத்தவன் ஆகிவிடுவான், பூபதி சொன்னது நிஜமாகிவிடும். இதை அவள் உணரவில்லை, கணக்குப் போல யோசித்துத்தான் கண்டுபிடித்தாள். ஆனால் சில நேரம் யோசனையும் ஆளைக் காப்பாற்றும்.

"நான் தூவல," என்றாள்.

"ஏனக்கா?"

"எனக்கு ஒரு சாவு பாக்கி இருக்குது."

வீட்டுக்கு வந்து களைக்குத்தியை எடுத்தாள். படிக்குப் பக்கத்தில், புளியாரை இருந்த இடத்தில், முன்பு ஒரு பிடி கூடப் போட்ட அதே இடத்தில் குந்தி உட்கார்ந்து குத்தினாள். ஆடை ஆடையாக மண் பெயர்ந்தது. அடியில் கறுப்பாக, ஈரமாக, மழை வாசத்தோடு வேறு மண் இருந்தது. மேல்மண்ணை வாரிச் சாக்கடையில் போட்டாள்.

ஞானப்பிரகாசம் வந்து பார்த்தார். மாரப்பனும் அவரும் ஒரே நாளில் கிளப் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரு பீடியை இரண்டாக்கிக் குடித்தவர்கள். அவன் சாவுக்கு அவரும் டீதான் குடித்தார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எதுக்குக்கா இது? அழுது என்னத்தக் கண்டோம்? ஒரு வாசல் தொறந்தா லைனு பூரா வந்துரும்."

"வந்தா வரட்டும் மேஸ்திரி. எனக்கு அழுதாகோணும்."

"அழுகை வந்தா அழுகையோட நிக்காது. அப்பறம் எல்லாம் வரும்."

"வரட்டும்."

அவர் கோபப்படவில்லை. "மூட்டை மேல இருக்குது. சனிக்கிழம நானே போட்டுடறேன், உன் வாசலுக்கும் சேர்த்து. ஊருக்குப் பொதுவாப் பேசினது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது களை எடுக்கிற வேலை, அவ்வளவுதான்.

மயிலாத்தாள் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். காலையில் எழுந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. ஊற்றினாள், பார்த்தாள், ஒன்றுமில்லை. பிடுங்கிப் பிடுங்கியே கைரேகை தேய்ந்த பெண், ஒரு களை முளைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டாள். வெள்ளிக்கிழமையும் ஒன்றுமில்லை. மக்கித்தான் போயிருக்கும், ஒரு பிடி கூடப் போட்டேனே என்று நினைத்தாள், அந்த நினைப்பும் வலிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்து வெயில் படியில் ஏறியபோது அது நின்றிருந்தது. கடுகு அளவு தண்டு, அதன்மேல் மூன்று இலை, ஒவ்வொன்றும் நடுவில் மடிந்து, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. மயிலாத்தாள் குந்தி உட்கார்ந்தாள். ஆயுசு முழுக்கச் செய்த பழக்கத்தில் கை தானாக வேருக்குப் போனது. கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரே ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, மாரப்பன் கடிப்பதுபோல முன்பல்லால் கடித்தாள்.

புளித்தது.

நாக்கின் ஓரம் கூசியது, தாடை இழுத்தது, கண் சுருங்கியது, அந்தப் புளிப்பு தொண்டைக்குள் இறங்கி அங்கிருந்து நெஞ்சுக்குள் போய் எதையோ பெயர்த்தது. அந்தப் பக்கம் மட்டும் போடாத புள்ள என்று சொன்னான், போட்டேனே, கேட்டது நாலு இலைதானே, அதைக்கூடப் பிடுங்கி எறிந்தேனே, மெஷினை அணைக்க ஓடினேனே, உன்கிட்ட வராமல் மெஷினை அணைக்க ஓடினேனே மாரப்பா என்று, ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மயிலாத்தாள் வாசலில் விழுந்து அழுதாள். சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதாள். கையில் அகப்பட்ட போனில் பூபதியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்து, "வேலையில..." என்று தொடங்கி நிறுத்தினான். இவள் போனுக்குள்ளேயே அழுதாள். அவன் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அம்மா," என்றான் கடைசியில். "அழும்மா. நான் வர்றேன்."

பக்கத்து வீட்டில் ஏதோ ஒன்று கீச்சென்றது. பூனை என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு அது பெரிதாகி, வீறிட்டு, லைன் முழுக்கக் கேட்டது. சுகந்தி அவிழ்ந்த தலையோடு, குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "அத்தை! பசிக்குதாமா! எம்புள்ளைக்குப் பசிக்குதாமா!" என்று கத்தினாள். அவள் முகத்தில் பயம் இருந்தது, அத்தனை மாதமும் படாத பயம் மொத்தமாக வந்து நின்றது, அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாராப்பை விலக்கினாள்.

ஞானப்பிரகாசம் தோளில் மூட்டையோடு வந்து நின்றார். புளியாரையைப் பார்த்தார், தரையில் கிடக்கும் மாரப்பன் பெண்டாட்டியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மூட்டையைச் சாக்கடை ஓரத்தில் இறக்கி வைத்தார். குனிந்து, அவள் பக்கத்தில் கிடந்த களைக்குத்தியை எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு ஆழம் கிளறுனக்கா?" என்று கேட்டார்.